பட்டப்பகலில் இருட்டிக்கொள்ளும் வண்டி

மாமா பிக்கப் எரியுது என்று இந்த வாரமும் பைபாஸ் முழுக்கப் பேச்சு. எரிந்தது வண்டியில்லை, ஹெட்லைட். மண்டையைப் பிளக்கிற வேலூர் வெயில், காலை பதினோரு மணி, எதிரே வருகிற லாரிக்காரன், ஆட்டோக்காரன், காலேஜ் பஸ் டிரைவர் எல்லோரும் ஐந்து விரலைக் குவித்துக் குவித்து விரிக்கிறார்கள். மாமா ஓட்டுக் கேட்கப் போகிறவர் கணக்காக ஒவ்வொருவருக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டே பள்ளிகொண்டா வரைக்கும் போய் வந்துவிட்டார்.

இந்த ஆசையே அவர் பெண்ணின் ஸ்கூட்டரைப் பார்த்து வந்ததுதான். 2017 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த டூவீலருக்கு ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சே கிடையாது. இன்ஜின் ஓடினால் லைட் எரியும், அவ்வளவுதான். அது சட்டம். அதில் சென்சாரும் இல்லை, மூளையும் இல்லை. "அதுக்குத் தானா எரியுதே, என் வண்டிக்கு இன்னா குறைச்சல்?" என்று போய் ஒரு ஆட்டோமேட்டிக் கிட் வாங்கி வந்தார். வண்டிக்கு வயசு என்ன என்று கேட்கக்கூடாது. கேட்டால் சண்டை.

கிட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டேஷ்போர்டில் ஒட்டுகிற, வெளிச்சத்தைப் பார்க்கிற சின்னக் கண் (சென்சார்), அது சொல்வதைக் கேட்கிற தீப்பெட்டி அளவு மாட்யூல், கரன்ட்டால் தட்டப்படுகிற ஸ்விட்சான நாலு கால் ரிலே ஒன்று. நல்ல வெயிலில் அந்தக் கண்ணை மீட்டரில் பிடித்தால் சில நூறு ஓம்ஸ் காட்டும். கையால் பொத்தினால் லட்சக்கணக்கில் ஏறும். ஏறினால் இருட்டு என்று மாட்யூல் நினைத்துக்கொண்டு ரிலேயைத் தட்டிவிடும்.

மாட்டியவர் முதல் கூத்தை அங்கேயே ஆரம்பித்து வைத்தார். மாட்யூலுக்குக் கரன்ட்டை நேராக பேட்டரியிலிருந்து எடுத்துவிட்டார். சாவியைக் கழற்றினாலும் அதற்கு உயிர் இருக்கும். ஷெட்டில் விட்டால் இருட்டு, இருட்டு என்றால் லைட். 55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்தால் சுமார் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். 65 ஆம்பியர்-அவர் பேட்டரி விடிவதற்குள் பல்லைக் காட்டிவிடும். மாமா கண்டுபிடித்த தீர்வு, ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் பானட்டைத் திறந்து 10-ம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவது. விடிகாலையில் திரும்ப மாட்டுவது. பேர் மட்டும் ஆட்டோமேட்டிக்.

சரியான முறை இதுதான்: மாட்யூலின் சிவப்பு ஒயர் இக்னிஷன் போட்டால் மட்டும் கரன்ட் வருகிற ஃபியூஸுக்குப் போகணும். ரிலேயின் 30-ம் நம்பர் கால் மட்டும் பேட்டரியிலிருந்து தனியாக, பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து வரணும். 87-ம் நம்பர் கால் பல்புக்கு. இதைச் சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன் டீ ஆறுவதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

பகல் வியாதிதான் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை எரியும், சனிக்கிழமையும் எரியும், திங்கட்கிழமை எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனால் பச்சைப் பிள்ளை மாதிரி நிற்கும். வெள்ளி சனியில் கொண்டுபோக முடியாது, இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் லோடு இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தக் கத்திரிக்காய்க்கு மாமாவே வாங்கிக்கொடுத்த மாதிரி ஒரு மிடுக்கு வேறு.

எலக்ட்ரீஷியனைக் குறை சொல்ல முடியாது, முறையாகத்தான் பார்த்தார். பகலில் எரிந்தால் கண்ணுக்குப் போகிற ஒயர் அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். அறுந்தாலும் மாட்யூலுக்கு அது இருட்டுதான். இரண்டு ஒயர் கண் என்றால் பிளக்கைக் கழற்றி மாட்யூல் பக்கத்து ஒயர் இரண்டையும் ஒன்றாகத் தொட்டு அரை நிமிஷம் பொறுக்கணும். (மூன்று ஒயர் என்றால் இந்த வேலை வேண்டாம், மாட்யூல் போய்விடும்.) லைட் அணைந்தால் கோளாறு கண்ணில், அல்லது கண்ணுக்கு முன்னால். அணையவில்லை என்றால் மாட்யூல் ரிலேயைத் தட்டுகிற 85, 86-ம் நம்பர் கால்களுக்கு நடுவில் வோல்ட் பார். 12 வந்தால் மாட்யூல் விடமாட்டேன் என்கிறது. ஒன்றுமே வராமல் லைட் எரிந்தால் ரிலேக்குள் பாயின்ட் ஒட்டிக்கொண்டது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் சிலசமயம் விட்டுவிடும், ஆனாலும் அந்த ரிலேயைத் தூக்கிப் போடுவதுதான் நல்லது. மாமா முன்பு 100/90 வாட் பல்பு போட்டு ஸ்டியரிங் பக்கத்து லைட் ஸ்விட்சையே உருக்கியவர் என்பதால் சந்தேகம் ரிலே மேல்தான் விழுந்தது. புது ரிலே. அடுத்து புது மாட்யூல். அடுத்த வெள்ளிக்கிழமை பைபாஸில் மறுபடியும் கும்பிடு.

கடைசியில் விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போகும்போது முன் சீட்டில் இருந்த அத்தை, டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குத் தான் சாற்றிய மல்லிச்சரம் சரிந்திருக்கிறதே என்று தூக்கி விட்டார். கொஞ்ச நேரத்தில் ரிலே 'டிக்'. லைட் அணைந்தது. சரத்தை இறக்கினார். மறுபடி 'டிக்'.

"இந்தா, பூவை நவுத்துனா வௌக்கு அணையுது பாரு."

"நீ சும்மா கீறியா, நான் ஓட்றேன்."

வெள்ளிக்கிழமை காலையில் பூ புதுசு, நெருக்கமாகக் கட்டிய நாலு முழம், கண்ணை முழுசாக மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வதங்கிச் சுருங்கி இடுக்கு விடும். திங்கட்கிழமை விடியலில் அத்தை பழைய பூவை எடுத்துப் போட்டுவிடுவார். வண்டி சுத்தமாக எலக்ட்ரீஷியனிடம் போகும்.

கண் இப்போது இடது மூலையில், கண்ணாடிக்குக் கீழே, வானத்தைப் பார்த்து. ஒட்டுகிற டேப் வேலூர் வெயிலில் டேஷ்போர்டில் நிற்காது, உருகி ஏசி ஓட்டைக்குள் விழுந்துவிடும் என்பதால் கிளிப் போட்டு ஸ்க்ரூ அடித்தாயிற்று.

பகல் பஞ்சாயத்து தீர்ந்ததும் ராத்திரிப் பஞ்சாயத்து. பின்னால் லோடு ஏறினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கி வண்டி மூக்கு தூக்கும், லோ பீமே எதிராளி கண்ணில் அடிக்கும். லோடோடு சுவரிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்தி, பல்பு நடு உயரத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் கீழே வெளிச்சத்தின் மேல் விளிம்பு விழுகிற மாதிரி ஹெட்லைட் ஸ்க்ரூவைத் திருப்பணும். மாமா அதையும் ஒழுங்காகச் செய்தார். செய்து என்ன? எதிரில் வருகிற முக்கால்வாசிப் பேர் பழைய ரிஃப்ளெக்டருக்குள் வெள்ளை எல்.இ.டி.யைச் சொருகி, ஹை பீமிலேயே வருகிறான். பாலாற்றுப் பாலத்தில் ஒருத்தன் அடித்த அடியில் மாமா கண்ணை மூடிக்கொண்டு பிரேக் போட்டிருக்கிறார். பாதி ராத்திரியில் எலக்ட்ரீஷியனுக்கு போன்.

"நம்ம லைட்டு சரியா கீதுபா. எதிர்ல வர்றவன் லைட்டை அணைக்கிற சென்சார் எதுனா வந்துகீதா?"