என்ஜின் சூடேறினால் முதலில் மூடியைப் பாருங்கள்

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தது, அழுத்தம் இல்லாவிட்டால் 107 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தினால் அதே கூலன்ட் 125 டிகிரியையும் தாங்கும். மூடியின் ரப்பரில் வெடிப்பு விட்டால் ஃபேன், பம்பு எல்லாம் சரியாக இருந்தும் கூலன்ட் டேங்கில் கொப்பளிக்கும். மூடி மாற்றும்போது பழையதில் உள்ள அதே எண் இருக்கட்டும். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும்தான் அடி வாங்கும். வண்டி ஆறியபின் மேல் ஹோஸ் (என்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் குழாய்) சப்பிப்போய்க் கிடந்தாலும் மூடிதான் காரணம்: டேங்கிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே விடும் குட்டி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து, காலையில் என்ஜின் சில்லென்று இருக்கும்போது மூடியை ஒருமுறை திறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். சூடே ஏறாத நிலையில், ஒரு நிமிஷத்துக்குள் அது கல் மாதிரி இறுகினால் சிலிண்டர் வாயு கூலன்டுக்குள் போகிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு, போயிருக்கும். ஹெட்டைக் கழற்றும் முன் வாயு சோதனை செய்யச் சொல்லுங்கள்; பெட்ரோல் வண்டியில் சோதனைக் கருவியின் நீல திரவம் மஞ்சளானால் உறுதி.

ஹோஸ் இறுகவில்லை, ஆனால் கூலன்ட் குறைகிறதா? கைப்பம்பால் மூடியில் உள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றி 15 நிமிஷம் விடுங்கள். பம்பின் மீட்டர் முள் இறங்கினால் வாட்டர் பம்பின் அடியிலும், முன்சீட் கார்பெட்டுக்குக் கீழும் ஈரம் தேடுங்கள். கார்பெட் நனைந்திருந்தால் ஹீட்டர் கோர் (உள்ளே சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது.

அழுத்தம் இறங்காமல் நின்றும் என்ஜின் சூடேறினால்தான் மற்றவை. சிக்னலில் மட்டும் ஏறினால் ஃபேன். ஏசி போட்டதும் அது சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சென்சாரையோ ரிலேயையோ பாருங்கள். ஹைவேயில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் இது சகஜம். மேல் ஹோஸ் கொதித்து கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால், அடைப்போடு தெர்மோஸ்டாட்டும் (சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) சந்தேகப் பட்டியலில். அதைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் போடுங்கள், திறக்காவிட்டால் மாற்றுங்கள். அது இல்லாமலே ஓட்டச் சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். என்ஜின் சூடு பிடிக்காமல் பெட்ரோல் குடிக்கும்.

வேலை முடிந்து கூலன்ட் நிரப்பும்போது வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விட்டு, குறையக் குறைய ஊற்றுங்கள். டாஷ்போர்டில் சூட்டு முள் மேலே நிற்க, ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மறுபடி நிரப்புங்கள்.