மலைமேல் சேறு

"மலைமேல சேறா? என்னடா சொல்ற?" என்று அப்பா போனில் சிரித்தார். மன்னார்குடிப் பக்கம் நடவு வயலில் இறங்கி வளர்ந்த எனக்கே முதல் வாரம் நம்ப முடியவில்லை. தெற்கு ஸ்காட்லாந்தில், கடல்மட்டத்துக்கு மேலே 400 மீட்டரில் மரமே இல்லாத மேட்டுநிலம். மூர் என்பார்கள். பார்வைக்குப் பழுப்புப் புல்லும் ஹெதர் புதரும்தான். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

காற்றாலை கட்டப் போனேன் என்றால் எவ்வளவு உயரம், எத்தனை மெகாவாட் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். உண்மையில் அங்கே இருந்த இரண்டு வருஷத்தில் பெரும்பாலும் ரோடுதான் போட்டேன்.

அந்தச் சேற்றின் பெயர் பீட். ஸ்பேக்னம் என்ற பாசியும் புல்லும் செத்த பிறகு, நீரில் ஊறிக் காற்றுப் படாமல் கிடப்பதால், முழுசாக மக்குவதில்லை. வருஷத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் படிகிறது. இன்று 3 மீட்டர் ஆழம் இருக்கிற இடத்தில், ராஜராஜன் தஞ்சையில் கோயில் கட்டும்போதே 2 மீட்டர் சேர்ந்திருக்கும். எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்.

முதல் மூன்று மாதம் என் வேலை கம்பி குத்துவது. ஒரு மீட்டர் இரும்புக் கம்பிகளை ஒன்றோடொன்று திருகிக்கொண்டே கீழே இறக்க வேண்டும். முதலில் 100 மீட்டருக்கு ஒன்று, அப்புறம் ரோடு போகிற தடத்தில் நெருக்கமாக. பாறை தட்டினால் கையில் சுருக்கென்று தெரியும். ஓரிடத்தில் அரை மீட்டர். பத்தடி தள்ளி நான்கு மீட்டர். என் கம்பிக் கணக்கைப் பார்த்து இரண்டு காற்றாலைகளின் இடத்தையே மாற்றினார்கள். அந்த வேலையில் எனக்குப் பெருமை என்றால் அது ஒன்றுதான். ஆழமான பீட்டைத் தோண்டி உலரவிட்டால், ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்த கரி கார்பன் டை ஆக்சைடாகக் கிளம்பிவிடும். புகையைக் குறைக்க வந்துவிட்டு இது என்ன பிழைப்பு?

ஆழம் ஒரு மீட்டருக்குள் என்றால் பொக்லைனை விட்டுத் தோண்டி, அடிப்பாறை மேல் ரோடு போடலாம். அதற்கு மேல் என்றால் மிதக்கும் சாலை. புல்லைச் சீவாமல் அதன்மேலேயே ஜியோகிரிட் என்ற பிளாஸ்டிக் வலை, அதன்மேல் அங்கேயே உடைத்த கல், மறுபடி வலை, மறுபடி கல். அந்தப் புல்வேர்ப் பின்னல்தான் ரோட்டுக்கு முதல் பாய். அது கிழிந்தால் போச்சு. கொட்டிய பிறகு பீட் மெல்ல நீரைக் கக்கி அமுங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

தோண்டிய மண்ணைச் சரிவில் குவித்தால் எங்கள் ஃபோர்மேனுக்குக் கோபம் வந்துவிடும். அயர்லாந்துக்காரர். "டெரிபிரையன்" என்று ஒரே வார்த்தைதான் சொல்வார். கால்வே கவுண்டியில் உள்ள ஊர். 2003 அக்டோபரில் அங்கே காற்றாலை கட்டிக்கொண்டிருந்தபோது மலைச்சரிவு பெயர்ந்து, சுமார் நாலரை லட்சம் கன மீட்டர் பீட் ஆற்றுப்பக்கம் இறங்கியது. மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. சுற்றுச்சூழல் ஆய்வு ஒழுங்காக நடக்கவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2019-இல் அயர்லாந்துக்கு 50 லட்சம் யூரோ அபராதம், அதற்கு மேல் நாளுக்கு 15,000. ஓடிக்கொண்டிருந்த 70 காற்றாலைகளும் கடைசியில் 2022-இல் நிறுத்தப்பட்டன.

காற்றாலையைத் தூக்கி நிறுவுவது ரோடு போட்டு முடித்த பிறகுதான். அதில் ஒரு வேடிக்கை: நல்ல காற்று என்றுதான் அந்த இடத்தையே பிடித்தார்கள். ஆனால் இறக்கையைத் தூக்க கிரேனுக்குக் காற்று அடங்க வேண்டும். ஒன்பது நாள் கண்டெய்னருக்குள் டீ குடித்துக்கொண்டு வானிலையைப் பார்த்துக் கிடந்தோம். காற்று நின்ற நாளில் மிட்ஜ் என்ற பொடிக்கொசுப் படை வந்துவிட்டது.

போன மாதம் மகளோடு கிளாஸ்கோ பக்கத்து வைட்லீக்குப் போனேன். 215 காற்றாலைகள், 539 மெகாவாட். அங்குள்ள ரோடுகளில் ஜனங்கள் சைக்கிள் விடுகிறார்கள், நாயைக் கூட்டி வருகிறார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்க்க, நான் மட்டும் குனிந்து ரோட்டு ஓரம் அமுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். ஓரத்துக்குப் போகாதே என்று சொல்லி வாய் மூடவில்லை, அவள் புல்லில் ஒரு காலை வைத்துவிட்டாள். கால் வந்தது, ஷூ வரவில்லை. மண்டியிட்டுக் கையை விட்டுத் துழாவினேன். முழங்கை வரை போயும் அடி தட்டவில்லை.