கோடு போட்ட சட்டை

மார்ச் 3

நாடகக் குழுவுக்கு உடுப்பு தைக்கிறவள் என்பதால் எதைப் படித்தாலும் கண் துணியில் போய்த்தான் நிற்கும். இன்று ஹபிமா. யூதர்களின் எபிரேய மொழியில் நாடகம் போட 1917இல் மாஸ்கோவில் தொடங்கிய குழு, அதுவும் அந்த மொழியை வீட்டில் பேசுகிறவர்கள் அநேகமாக யாருமே இல்லாத ஊரில்! 1922இல் வக்தாங்கோவ் இயக்கத்தில் 'திப்புக்' போட்டார்கள். செத்துப்போன காதலனின் ஆவி மணப்பெண்ணுக்குள் புகுந்து அவள் வாயாலேயே பேசும். மணப்பெண் லேயாவாக ஹன்னா ரோவினா. வெள்ளை உடை, நீளக் கறுப்புப் பின்னல், வெளுத்த முகம். அந்த ஒரு படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5

வெள்ளை உடையிலிருந்து நேராக 1945க்கு வந்துவிட்டேன். நாஜி முகாம்களில் பிழைத்த யூதர்களைப் போய்ப் பார்த்து ஹாரிசன் என்பவர் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். விடுதலையாகி மாதங்கள் ஆகியும் பலர் அதே கோடு போட்ட கைதி உடுப்பில்தான் இருந்தார்களாம், வேறு துணி கிடையாது. சிலருக்குக் கிடைத்தது, அந்த முகாம்களை நடத்திய ஜெர்மன் எஸ்.எஸ். படையின் சீருடை. இரண்டில் எதை அதிகம் வெறுத்தார்கள் என்று சொல்வது கடினம் என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. 1914இலேயே தொடங்கிய 'ஜாயின்ட்' என்ற யூத உதவி அமைப்பு உணவும் துணியும் கொண்டுவரத் தயாராக இருந்தும், ராணுவத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மார்ச் 6

பெர்கன்-பெல்சன் முகாம் விடுதலையானது 1945 ஏப்ரல் 15. செப்டம்பரில் அங்கே நாடகம்! சாமி ஃபெடர் நடத்திய குழு, பெயர் 'காட்செட்', அதாவது வதை முகாமைக் குறிக்கும் இரண்டு ஜெர்மன் எழுத்துகள். அந்தப் பெயரையே தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். மொழி எபிரேயம் இல்லை, இத்திஷ். ஐரோப்பிய யூதர்கள் பலரின் வீட்டுப் பேச்சு அதுதானே. நாடகப் பிரதி இல்லாததால் ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். முகாம் காட்சிகளையே மேடையில் போட்டார்கள், பார்த்தவர்களும் அதையே அனுபவித்தவர்கள். வயிறு நிறைந்த பிறகுதான் கலை என்று நானும் சொல்லித் திரிந்திருக்கிறேன், இங்கே இரண்டும் ஒரே வரிசையில் நின்றிருக்கின்றன. சரி, அந்தக் காட்சிக்கு உடுப்பு தைக்கச் சொன்னால் எனக்குக் கை ஓடாது.

மார்ச் 9

நியூயார்க், 1946 செப்டம்பர். பென் ஹெக்ட் எழுதிய 'ஒரு கொடி பிறக்கிறது'. ஆங்கில நாடகம், இசை கர்ட் வைல், நடித்தவர்களில் இளம் மார்லன் பிராண்டோவும் உண்டு. முகாமிலிருந்து தப்பிய கிழவர் இறந்ததும் அவருடைய தொழுகைச் சால்வை கொடியாகிறது. மறுபடியும் துணி! வசூல் பணம் கப்பல் வாங்கப் போனது. சுமார் 600 யூத அகதிகளுடன் பாலஸ்தீனத்துக்குப் புறப்பட்ட அந்தக் கப்பலை 1947 மார்ச்சில், அப்போது அங்கே ஆட்சியிலிருந்த பிரிட்டனின் கடற்படை மறித்து, பயணிகளைச் சைப்ரஸ் முகாமுக்கு அனுப்பியது. மறுபடியும் முள்வேலி. போய்ச் சேர நினைத்த கரையில் ஏற்கெனவே குடியிருந்த அரபு மக்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஒரு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை.

மார்ச் 10

1948 மே மாதம் ஹபிமா நியூயார்க்கில் 'திப்புக்' போட்டபோது ரோவினாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. அப்போதும் அவர்தான் மணப்பெண். இடையில் 26 வருஷம். மேடையில் காட்டுகிற அந்த யூதச் சிற்றூர், தொழுகைக் கூடம், கல்யாண வீடு, இப்படிப்பட்ட ஊர்கள் எல்லாம் அதற்குள் ஆளில்லாமல் அழிந்திருந்தன. 1922இல் அவள் வாயிலிருந்து வந்தது ஒரு காதலனின் குரல். 1948இல் கேட்டவர்களுக்கு அது ஒரே ஒருவனின் குரலாகவா இருந்திருக்கும்?

நாளை கடைக்குப் போக வேண்டும். எங்கள் நாடகத்துக்கு ஆறு மீட்டர் வெள்ளைத் துணி.