'மோகுல்' கேள்வியில் நான் விட்ட ஆறு மதிப்பெண்

முதுகலை மொழியியலில், சொற்பிறப்பியல் தாளில் வந்த எட்டு மதிப்பெண் கேள்வி அது: பனிச்சறுக்கில் 'மோகுல்' என்றால் என்ன, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பார்த்ததும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. முகலாயரைக் குறித்த 'மோகுல்' (mogul) என்ற அதே சொல்தான் ஆங்கிலத்தில் பெரும்புள்ளிகளைக் குறித்தது, அப்புறம் பெரிய பனிமேட்டையும் குறித்தது என்று ஒரு பக்கம் எழுதினேன். இரண்டு மதிப்பெண்தான் கிடைத்தது. அதுவும் 'பனிமேடு' என்று பொருளைச் சொன்னதற்காக.

அந்த மேடு எப்படி உருவாகிறது என்று யோசித்திருந்தாலே தப்பித்திருப்பேன். சரிவில் இறங்குபவர் வளைந்து திரும்பும்போது, சறுக்குப் பலகையின் விளிம்பு பனியைச் சீவி ஓரமாகத் தள்ளுகிறது. பின்னால் வருபவர்களும் அதே இடத்தில் திரும்புகிறார்கள். பள்ளம் ஆழமாகிறது, பக்கத்துக் குவியல் உயர்கிறது. கொஞ்ச நேரத்தில் சரிவு முழுக்க மேடும் பள்ளமும்தான். இந்த மேடுகளில் இறங்குவதே தனிப் போட்டி. 1992 ஆல்பர்வில் குளிர்கால ஒலிம்பிக்கில் அதற்குப் பதக்கமும் வந்தது.

இப்படி ஒரு மேட்டுக்கு யார் பெயர் வைத்திருப்பார்கள்? அங்கே சறுக்கிய மக்கள்தானே! ஆஸ்திரியா, பவேரியா பக்கத்து ஜெர்மன் பேச்சுவழக்கில் 'மூகல்' என்றால் சிறு மேடு. சில அகராதிகள் இதை மூலமாகக் காட்டுகின்றன. வேறு சில, நார்வே வட்டார வழக்கில் குவியலைக் குறிக்கும் 'மூகெ' என்ற சொல்லோடு இணைக்கின்றன. எதை எடுத்தாலும் பொருள் நேராகப் பொருந்துகிறது. விடையில் இரண்டையும் எழுதுங்கள்; ஒன்றை மட்டும் முடிந்த முடிவாக எழுத வேண்டாம்.

காலமும் ஒரு சான்று. முகலாயரைக் குறித்த சொல் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. பனிமேட்டுப் பொருளோ 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் எழுத்தில் தென்படுகிறது. அரசரிலிருந்து பனிமேட்டுக்கு இடைப்பட்ட படிகளைக் காட்டும் சான்று எதுவும் என் விடையில் இல்லை. நதியைக் குறிக்கும் 'ஆறு' எண்ணிலிருந்து வந்தது என்று நாம் யாரும் சொல்வதில்லை. அந்தத் தெளிவு வேற்றுமொழிச் சொல் வரும்போது எனக்குக் கைவிட்டுப் போய்விட்டது.

அதன்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கைக் குறித்துக்கொண்டு படித்தேன்: இன்றைய பொருள், பிறந்த இடம், முதலில் எழுத்தில் வந்த காலம், பொருள் மாறிய வழி. பனிச்சறுக்குப் போட்டியின் பெயரான 'ஸ்லாலோம்' (slalom) அப்படிப் படித்ததுதான். நார்வேஜிய மொழியில் 'ஸ்லா' என்றால் லேசான சரிவு, 'லோம்' என்றால் சறுக்கித் தேய்ந்த தடம். கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும் இன்றைய போட்டி அந்தப் பெயரில் பிறகு வளர்ந்தது. சுவிட்சர்லாந்தின் மூரனில் 1922இல் ஆர்னால்ட் லன் அதற்கு விதிகள் வகுத்து நடத்தினார்.

நான்கில் ஒன்றுக்கு விவரம் கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகத்தால் நிரப்பாதீர்கள். நான் அன்று அப்படித்தான் நிரப்பினேன்.