ஜாடிக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர்: ஜெல் எந்தப் பக்கம் சிவக்கிறது?

நாகப்பட்டினத்தில் ஐப்பசி மழைக்கு உப்பு ஜாடியே தண்ணீர் விட்டுவிடும். இந்த ஈரத்தில் டிரான்ஸ்பார்மர் எண்ணெய் மட்டும் எப்படி உலர்ந்தே இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டுச் செய்த மாடல் இது. கரண்ட் வேலை எதுவும் இல்லை. எண்ணெய், சூடு, காற்று, அவ்வளவுதான்.

தொட்டிக்கு ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி. எண்ணெய்க்கு மெடிக்கலில் விற்கும் லிக்விட் பாரஃபின். அதுவும் மினரல் ஆயில்தான், நிறமில்லாததால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். (பழைய டிரான்ஸ்பார்மர் ஆயிலை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதில் பிசிபி என்ற நச்சு கலந்திருக்கலாம்.) ரப்பர் கார்க்கில் இரண்டு துளைகள்: ஒன்றில் தெர்மாமீட்டர், இன்னொன்றில் குழாய். குழாய் மேலே ஏறி, படுக்கவைத்த 100 மில்லி பிளாஸ்டிக் புட்டிக்குள் அடிப்பக்கமாக நுழைகிறது. இதுதான் கன்சர்வேட்டர், சூட்டில் விரியும் எண்ணெய்க்கு இடம் கொடுக்கும் சின்னத் தொட்டி. குழாய் வாயை அரை சென்டிமீட்டர் உள்ளே நீட்டி விட்டிருக்கிறேன். நிஜத்திலும் அப்படித்தான் வைக்கிறார்கள். அடியில் தங்கும் தண்ணீரும் கசடும் தொட்டிக்குள் இறங்காது.

மினரல் ஆயில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.00075 பங்கு விரியும். ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து 70-க்கு ஏற்றினால் 30 மில்லி கூட வேண்டும். வெந்நீர்ச் சட்டியில் அடியில் துணி போட்டு ஜாடியை இறக்கி, மெதுவாக ஏற்றினேன். புட்டிக்குள் 33 மில்லி வந்தது. கார்க்குக்கு அடியில் சிக்கிக்கொண்ட காற்றின் வேலை. எண்ணெயைவிட நாலு மடங்குக்கு மேல் விரியும் அது. ஜாடியைச் சாய்த்துக் காற்றைக் குழாய் வழியே விரட்டிய பிறகு 27. தெர்மாமீட்டர் இருப்பது மேலே, சூடான எண்ணெய் இருக்கும் இடத்தில். அடி எண்ணெய் அவ்வளவு சூடாகியிருக்காது. போதாததற்குக் கண்ணாடியும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். 27 எனக்குத் திருப்திதான். பெரிய டிரான்ஸ்பார்மரில் இந்தக் குழாயை மேல்நோக்கிச் சாய்த்துப் போடுவது ஏன் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. உள்ளே வாயு உண்டானால் அது தொட்டியில் தங்காமல், வழியில் இருக்கும், வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் புக்கோல்ஸ் ரிலேக்குப் போய்விடும்.

எண்ணெய் ஏறினால் காற்று வெளியே, ஆறினால் உள்ளே. அந்தக் காற்றை உலர்த்தத்தான் பிரீத்தர். கன்சர்வேட்டரின் மேல்புறத்திலிருந்து ஒரு டியூபைக் கீழே இறக்கி, 40 கிராம் நீல சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள், ஈரம் குடித்தால் ரோஸ் ஆகும்) நிரப்பிய கண்ணாடிக் குழாயில் மாட்டினேன். கீழ்வாய் திறந்தே இருந்தது. இரண்டு நாளில் நாலு முறைதான் சூடேற்றியிருப்பேன், அடியில் ஒரு விரல்கடை ரோஸ் ஆகிவிட்டது. மூச்சு இழுத்து இழுத்துத்தான் இப்படி ஆனது என்று பெருமையாகப் போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி கணக்குப் போட்டால் இடித்தது. 30 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் தண்ணீர் வைத்திருக்கும். அப்படியானால் 27 மில்லிக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. நாலு மூச்சுக்கு ஒன்றிரண்டு மணிகள் நிறம் மாறினாலே அதிகம். மிச்சத்தைக் குடித்தது யார்? ஜெல்லேதான். எண்ணெய் அசையாமல் கிடக்கும்போதும், திறந்த வாய் வழியாக ஊர்க்காற்றின் ஈரத்தை நாள் முழுக்க உறிஞ்சியிருக்கிறது. நிஜப் பிரீத்தரின் அடியில் இருக்கும் ஆயில் கப், அதாவது காற்று குமிழியிட்டுப் போகும் எண்ணெய்க் கிண்ணம், தூசியைத் தடுக்க மட்டும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூச்சு விடாத நேரத்தில் ஜெல்லுக்குக் கதவைச் சாத்தி வைப்பதும் அதுதான்.

உடனே ஒரு சின்னக் கப்பை மாட்டினேன். ஆர்வக்கோளாறில் விளிம்பு வரை எண்ணெய் ஊற்றினேன். ஜாடி ஆறும்போது இழுத்த இழுப்பில் எண்ணெய் மேலேறி ஜெல்லை நனைத்துவிட்டது. மணிகள் பழுப்பாகிவிட்டன. ஈரம் குடித்த ஜெல்லை வறுத்து மீட்கலாம், எண்ணெய் குடித்ததை மீட்க முடியாது. 40 கிராமும் குப்பைக்கு. கப்பில் கோடு போட்டிருப்பதை இனி மதிப்பேன்.

புது ஜெல், கோடு வரை எண்ணெய். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அடிப்பக்கம் நல்ல நீலம், மேலே பதினைந்து இருபது மணிகள் ரோஸ்! எதிர்வீட்டில் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். கொண்டுபோய்க் காட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. "கீழேர்ந்து செவந்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம் தம்பி. மேலேர்ந்து செவந்தா எங்கியோ ஓட்டை இருக்கு. ஜாயிண்ட்டப் பாரு."

கன்சர்வேட்டரில் டியூப் மாட்டிய இடம் லொடலொட என்று இருந்தது. அவ்வளவு நாளும் கப்பில் குமிழியே வரவில்லை என்பதையும் நான் கவனித்துத்தான் இருந்தேன். எண்ணெய் பிசுக்காக இருப்பதால் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். டெஃப்லான் டேப் சுற்றி கிளிப் போட்டதும் முதல் சூட்டிலேயே குமிழிகள் வந்தன.

ரோஸ் மணிகளைப் பழைய தகர டப்பாவில் போட்டு, சூடான மணல்மேல் வைத்து 120 டிகிரி வாக்கில் உலர்த்தினேன். நீலம் திரும்பிவிட்டது. நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, உடம்புக்கு ஆகாது. சமையல் பாத்திரம் பக்கமே கொண்டுபோக வேண்டாம். ஆரஞ்சு நிற ஜெல் கிடைத்தால் அதுவே மேல்.

அடுத்து, பெரிய கன்சர்வேட்டர்களுக்குள் இருக்கும் ரப்பர் பையைச் செய்து பார்த்தேன். அதில் காற்று பைக்குள்ளேயே வந்து போகும், எண்ணெயைத் தொடாது. பிறந்தநாள் பலூனைப் போட்டேன். மறுநாள் ஊறிப் பெருத்துத் தொளதொளத்துவிட்டது. சாதாரண ரப்பருக்கு மினரல் ஆயில் ஆகாது. இப்போது நைட்ரைல் கையுறையின் கட்டைவிரலை வெட்டி மாட்டியிருக்கிறேன். நாலு நாளாக ஒன்றும் ஆகவில்லை. சூடேறும்போது எண்ணெய் நெருக்க, விரல் சப்பிப்போய்க் கப்பில் குமிழி விடுகிறது. ராத்திரி ஆற ஆற மெல்ல உப்பிக்கொண்டு வருகிறது.