ஒத்தக் கம்மல்

ஜூலை 6, 2025 ஞாயிறு

பாப்பாவுக்கு ஸ்கூல்ல ரெட்ரோ டேவாம், 25ஆம் தேதி, எண்பதுகள்ல இருந்த மாதிரி டிரஸ் பண்ணிட்டு வரணும்னு டைரியில ஒட்டி அனுப்பியிருக்காங்க. நான் போன்ல தேடிக்கிட்டு உக்காந்திருக்கேன், அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டே தலைய தூக்காம "ஒரு நதியா கம்மல் போட்டுவிடு, போதும்" அப்படிங்குது. பாப்பா சும்மா இல்லாம "நதியா யாரு?"ன்னு கேட்டுட்டா. அம்மா கீரைய அப்படியே முறத்துல போட்டுட்டு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு, புள்ளைய இப்படியா வளத்து வச்சிருக்கேன்னு. எம்.குமரன் படத்துல ஹீரோவுக்கு அம்மாவா வருவாங்கல்லன்னு நான் எடுத்துக் குடுத்தேன். "ஓ ஜெயம் ரவி அம்மாவா"ன்னா (இப்போ ரவி மோகன்னு சொல்லணுமாம், ஜனவரியிலேர்ந்து, எனக்கு இன்னும் வாயில வரல). "அம்மாவாவா?"ன்னு எங்க அம்மாவுக்கு இன்னும் கோவம். 2004ல அந்தப் படம் வந்தப்பவும் இதே கோவம் தான், தியேட்டர்ல பக்கத்துல உக்காந்து "இதுக்கு இவ்ளோ பெரிய புள்ளையா, நம்புற மாதிரியா இருக்கு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு.

ஜூலை 9 புதன்

டிரங்குப் பெட்டிய பரண்லேர்ந்து இறக்கினோம். கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் ஏழெட்டு, மூக்கு உடைஞ்ச செட்டியார் பொம்மை, அடியில ஒரு பவுடர் டப்பா. அதுக்குள்ள கம்மல். ஒண்ணே ஒண்ணு!

ரோஸ் கலர் பிளாஸ்டிக் வளையம், நம்ம ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி அளவுக்கு இருக்கு, உள்ளுக்குள்ள மினுக்குப் பொடி, கொக்கி துருப்புடிச்சு கறுத்துப் போச்சு. வெயிட்டே இல்ல, ஊதினா பறந்துரும் போல. ஒன்னார்ரூவாயாம் அப்போ. இன்னொண்ணு எங்கன்னு அம்மாகிட்ட கேட்டா, "86ல தியேட்டர்ல பொம்பளைங்க கவுண்ட்டர்ல ஒரே தள்ளுமுள்ளு, எவளோ காதோட புடிச்சு இழுத்துட்டா, எங்க விழுந்துச்சுன்னே தெரியல"ன்னு சொல்லுச்சு. கட்டில்ல படுத்திருந்த அம்மாச்சி "ம்ம்"ன்னு ஒரு சத்தம் மட்டும் குடுத்துச்சு. இந்தக் கதைய நான் சின்ன புள்ளையிலேர்ந்து கேக்கறேன், ஒவ்வொரு தடவையும் இழுத்தவ இன்னும் கொஞ்சம் குண்டாகிட்டே போறா.

போட்டோ எடுத்து சித்திக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல போன். "இது நதியா கம்மலே இல்லடி, நதியா கம்மல்னா கலர் கலரா தொங்கும், ஆட்டினா கன்னத்துல இடிக்கும்"னு சித்தி. "இதான்டி நதியா கம்மல், கடையில கேட்டு வாங்கினவ நானு"ன்னு அம்மா. ஸ்பீக்கர்ல போட்டுட்டு நான் போய் தோசை ஊத்தி சாப்ட்டு வந்துட்டேன், அப்பவும் முடியல.

ஜூலை 12 சனி

பஞ்சாயத்த முடிக்கணும்னு ராத்திரி பூவே பூச்சூடவா போட்டோம். 1985. கண்டிஷன் என்னன்னா யாரும் கதைய பாக்கக் கூடாது, காத மட்டும் பாக்கணும். நதியா வர்ற ஒவ்வொரு சீன்லயும் பாஸ் பண்ணி கம்மல் என்ன மாடல்னு பாப்பா நோட்ல வரையணும்.

எங்க வரையறது. அரை மணி நேரத்துல காத மறந்தாச்சு. பேத்தி வந்து பெல் அடிப்பான்னு காத்துக் கிடந்த கிழவி, தெருப் பசங்க அடிக்கடி அடிச்சுட்டு ஓடுறாங்கன்னு பெல்லையே கழட்டி வச்சுருது பாருங்க, அந்த பத்மினிய பாத்தா வேற எதையும் பாக்கத் தோணாது. அந்த அம்மா ஒரு காலத்துல ஆடாத ஆட்டமா, அதெல்லாத்தையும் மூட்ட கட்டி வச்சுட்டு ஒரு வெள்ளைச் சேலைய சுத்திக்கிட்டு முறைப்புலயே ஜெயிச்சிருக்கு. எதையும் உடைக்காம, அழாம, முகத்த மட்டும் லேசா திருப்பிக்கிறது. நதியாவுக்கு இது தமிழ்ல முதல் படம், மலையாளத்துல இதே கதையில 84ல இதே பத்மினியோட நடிச்சுட்டு வந்தது தான், ஆனாலும் புதுசு மாதிரியே துள்ளுது. சின்னக்குயில் பாட்டு வந்தப்போ அம்மா கூடவே பாடுச்சு. அந்தப் பாட்டாலதான் சித்ராவுக்கு சின்னக்குயில்னு பேரே வந்துச்சு. கடைசியில பெல்லைத் திரும்ப மாட்டறப்போ வீட்ல நாலு பொம்பளையும் மூக்க உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கோம், பாப்பா நோட்ல ஒரே ஒரு காது இருக்கு, அதுலயும் கம்மல் வரையல.

பஞ்சாயத்து தள்ளி வைக்கப்பட்டது.

ஜூலை 14 திங்கள்

காலையில நியூஸ், சரோஜாதேவி போயிட்டாங்க. பெங்களூர்ல, 87 வயசு. அம்மாச்சிகிட்ட எப்படி சொல்றதுன்னு நாங்க அடுப்படியில குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருக்கோம், அது உள்ளேர்ந்து "டிவிய சத்தமா வை, எனக்குத் தெரியும்"ங்குது.

சாயந்திரம் வரைக்கும் டிவி முன்னாடி தான். அழுவல. பேசிக்கிட்டே இருந்துச்சு, 80 வயசுல அம்மாச்சி இவ்ளோ பேசி நான் கேட்டதில்ல. நாடோடி மன்னன்ல பானுமதி போனப்புறம் இது வரும், படம் கலராயிரும், "இவ வந்ததால தான் கலராச்சுன்னு நாங்க நெனச்சோம்"னுச்சு. எம்.ஜி.ஆரோட மட்டும் 26 படம். டிவில மிமிக்ரிக்காரங்க "கோப்பால்" "கோப்பால்"னு இழுத்து இழுத்து பண்றாங்கல்ல, புதிய பறவைல சிவாஜிய கூப்புடறது, அது கிண்டல்னு தான் நான் இத்தன நாளா நெனச்சேன். அம்மாச்சி ஒத்துக்கவே இல்ல. "அது கொஞ்சு தமிழ்டி. கன்னடத்துப் பைங்கிளி அப்படித்தான் பேசும். நாங்களும் அப்படியே பேசிப் பாத்தோம்." யார்கிட்ட பேசினேன்னு கேட்டேன். "உங்க தாத்தாகிட்ட தான். ஒரு நாள்." அப்புறம்? "காய்ச்சலான்னு கேட்டாரு."

ஜூலை 15 செவ்வாய்

அம்மாச்சி இன்னைக்கும் விடல. அப்போ சரோஜாதேவி கொண்டை போட என்ன பண்ணுவாங்கன்னு டெமோ. உச்சந்தலையில பழந்துணிய பந்தா சுருட்டி வச்சு, மேல முடிய இழுத்து மூடி, சவுரி சுத்தி, ஹேர்பின் பத்து பன்னெண்டு. கண்ணுக்கு மைய ஓரத்துல வால் மாதிரி இழுத்து விடணும். பாப்பா தலையில பண்ணிக் காட்டுச்சு, கை நடுங்குது ஆனா பின் ஒண்ணு கூட தப்பா குத்தல. அப்போ அம்மாச்சியோட மாமியார் பாத்துட்டு "தலையில என்னடி தேன்கூடு"ன்னு கேட்டாங்களாம். பாப்பா கண்ணாடில பாத்துட்டு "ஐலைனர் செமயா இருக்கு, இத எப்படி அம்மாச்சி ட்யூட்டோரியல் இல்லாம கத்துக்கிட்ட?"ன்னா. "ஒரே படத்த ஏழு தடவ பாத்தேன்"னுச்சு.

ஜூலை 20 ஞாயிறு

ஆடி பொறந்தாச்சு, தள்ளுபடி கூட்டம், மலைக்கோட்டை பக்கம் கால் வைக்க எடமில்ல. சின்னக்கடை வீதியில ஒரு பழைய பேன்சி ஸ்டோர்ல பாப்பாவோட நுழைஞ்சேன். கவுண்ட்டர்ல இருந்த பையன்கிட்ட நதியா கம்மல் இருக்கான்னு கேட்டா, "அது என்ன பிராண்டுக்கா?"ங்கறான். உள்ள கல்லாவுல இருந்த பெரியவருக்கு சிரிப்புன்னா சிரிப்பு. எழுந்தே வந்துட்டாரு. "எம்மா, எண்பத்தஞ்சுல மூட்டையில எது வந்தாலும் நதியா தாம்மா. வளையல் வந்தா நதியா வளையல், கம்மல் வந்தா நதியா கம்மல், கொண்டை வலை வந்தா அதுவும் நதியா. கேட்டு வர்றவங்களுக்கு எதையாவது குடுக்கணும்ல?"

அப்போ அம்மாவும் ரைட்டு, சித்தியும் ரைட்டு. தீர்ப்ப அங்கேருந்தே போன் பண்ணி சொன்னேன், ரெண்டு பேருக்குமே புடிக்கல.

பஸ்ல வர்றப்போ இதையே யோசிச்சுக்கிட்டு வந்தேன். அவார்டு கிவார்டெல்லாம் விடுங்க, ஒரு நடிகை பேர ஒரு பொருளுக்கு ஊர்க்காரங்களே வச்சாங்கன்னா அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. குஷ்பு இட்லி எடுத்துக்கங்க, ஜவ்வரிசி சேத்து அரைச்சு பஞ்சு மாதிரி வர்றதுக்கு அந்த பேர வச்சது எந்த ஹோட்டல் மாஸ்டரோ, முப்பது வருஷமாச்சு இன்னும் போர்டுல எழுதுறாங்க, சின்னத்தம்பி பாக்காத புள்ளைங்க கூட "ஆறு குஷ்பு"ன்னு ஆர்டர் பண்ணுது. 2005ல சந்திரமுகி சேலைன்னு எங்க சித்தி ஒண்ணு எடுத்துச்சு, ஜோதிகா அதுல எந்த சீன்லயும் அப்படி ஒரு சேலை கட்டலன்னு நான் சொல்லியும் கேக்கல. யாரும் யாருக்கும் காசு குடுக்கல, கையெழுத்து வாங்கல. இப்போ அப்படியே தலைகீழ். நயன்தாரா 2023ல நைன் ஸ்கின்னு சொந்தமாவே கம்பெனி ஆரம்பிச்சாச்சு, பேரும் அவங்களே, லாபமும் அவங்களே. நல்லது தான், நதியாவுக்கு அந்த ஒன்னார்ரூவாயில ஒரு பைசா போயிருக்காது. ஆனா நயன்தாரா கம்மல் குடுங்கன்னு யாரும் சின்னக்கடை வீதியில போய் நிக்க மாட்டாங்க. நான் பாப்பாவுக்கு வாங்கின வளையத்துக்கு மாடல் பேரு என்னன்னு கேட்டேன், பையன் கவர திருப்பிப் பாத்து ஏதோ நம்பர் சொன்னான்.

ஜூலை 22 செவ்வாய்

என் ஆளு சிம்ரன். பேர்ல ஒரு பொருளும் கிடையாது, இது எனக்கு ரொம்ப நாள் வருத்தம். 99ல வாலியும் துள்ளாத மனமும் துள்ளும் ரெண்டும் ஒரே வருஷத்துல வந்துச்சு, நான் நாலாங்கிளாஸ், நோட்டு லேபிள் பூரா சிம்ரன். ஆனா ஊரே பேசினது இடுப்ப பத்தி, அத கடையில தொங்கவிட்டு விக்க முடியாதுல்ல. இந்த ஏப்ரல்ல குட் பேட் அக்லில அந்த சுல்தானா பாட்டு திரும்ப வந்தப்போ பாப்பா "புதுப் பாட்டு செமம்மா"ன்னு ஆடறா. எதிரும் புதிரும்டி, 1999டி, ராஜு சுந்தரத்தோட சிம்ரன் ஆடினதுடின்னு போட்டுக் காட்டினேன். பாத்து முடிச்சுட்டு "எலும்பே இல்லையா இவங்களுக்கு"ன்னா. அப்பா, போதும் சாமி.

அப்புறம் நம்ம ஊர்ல குஷ்புவுக்கு கோயில் கட்டினாங்கன்னு உலகமே பேசுதே, வெளியூர்க்காரங்க என்னைய பாத்தா முதல்ல கேக்கறது அதைத்தான். இன்னைக்கு ஆட்டோக்காரர்கிட்ட எங்கண்ணே இருந்துச்சுன்னு கேட்டேன். அவரு ஒரு எடம் சொன்னாரு, சிக்னல்ல நின்ன இன்னொரு ஆட்டோக்காரரு குனிஞ்சு "அங்க இல்லப்பா"ன்னு வேற எடம் சொன்னாரு. பச்சை விழுந்துருச்சு.

ஜூலை 25 வெள்ளி

புது வளையத்த போட்டுட்டு போனவ பாதியில திரும்பி வந்து பவுடர் டப்பாவ தொறந்து அந்த ஒத்தக் கம்மல மாட்டிக்கிட்டு போனா. ஒரு காதுல மட்டும். கொக்கிய அம்மா நேத்தே எலுமிச்சம்பழம் போட்டு தேச்சு வச்சிருந்துச்சு, சொல்லவே இல்ல. சாயந்திரம் வந்து சொல்றா, கூட படிக்கற பசங்க யாருக்கும் புரியல, மேத்ஸ் மிஸ் மட்டும் வராண்டாவுல கைய புடிச்சு நிறுத்தி "ஏய், நதியா கம்மல்!"னு கத்திட்டாங்களாம். அவங்களுக்கும் அம்பது வயசுக்கு மேல இருக்கும். வாங்கி தன் காதுகிட்ட வச்சு செல்பி எடுத்துக்கிட்டாங்களாம். அம்மா அன்னைக்கு ராத்திரி சித்திக்கு போன் பண்ணி "கணக்கு வாத்தியாரே சொல்லிட்டாங்க"ன்னுச்சு.

ஆகஸ்ட் 3 ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அஞ்சு மணிக்கே கிளம்பியும் அம்மா மண்டபத்துல எறங்க எடமில்ல. இந்த வருஷம் மேட்டூர் ஜூன் கடைசியிலயே 120 அடி ரொம்பிருச்சு, காவிரி கரை முட்டி ஓடுது, போலீஸ் கயிறு கட்டி வச்சிருக்காங்க. அம்மாச்சிய படிக்கட்டுல மேலேயே சேர் போட்டு உக்கார வச்சோம். வாழையிலையில மஞ்ச புள்ளையார், காப்பரிசி, பழம், காதோலை கருகமணி. காதோலைங்கறது பனையோலைய சின்னதா சுருட்டின தோடு தான், காவிரி கர்ப்பமா இருக்கான்னு அவளுக்கு நாம குடுக்கற சீரு. பாப்பா அத கையில வச்சுப் பாத்துட்டு, "ஆத்துக்கே கம்மலா? அப்ப இது தான் ஒரிஜினல் நதியா கம்மல்!"னா. பக்கத்துல மஞ்சக்கயிறு கட்டிக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க.

அம்மா சிரிக்கல. இலைய தண்ணியில விட்டுட்டு கொஞ்ச நேரம் அது போறதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் மெதுவா என்கிட்ட, "அந்த இன்னொரு கம்மல் தியேட்டர்ல போகலடி. இங்க தான் போச்சு. 86ல, இதே நாள், எறங்காதேன்னு அம்மா சொல்லியும் சேக்காளிங்களோட கழுத்தளவுக்கு எறங்கிட்டேன். ஒரு முங்கு, எந்திரிச்சா காதுல இல்ல. அடிக்கு பயந்து படத்துக்குப் போனேன்னு சொல்லிட்டேன்." முப்பத்தொன்பது வருஷம்! அந்த குண்டு பொம்பளைய நெனச்சு நான் எத்தன தடவ திட்டியிருக்கேன்.

மேல ஏறி வந்து அம்மாச்சிகிட்ட நான் போட்டுக் குடுத்துட்டேன், வாய் நிக்கல. அம்மாச்சி காப்பரிசிய மென்னு முடிச்சுட்டு,

"தெரியும்டி. எந்த தியேட்டர்ல தலை நனையும்?"னுச்சு.