இயந்திரக் கோளாறு இல்லை

மோட்டார் வாகன ஆய்வாளர் என்று நியமன ஆணையில் அச்சிட்டுக் கொடுத்தாலும், ஊர்க்காரர்கள் எங்களை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் அழைப்பார்கள். விபத்து நடந்த மறுநாள் காவல் நிலையத்துக்கு வந்து, வளாகத்தில் நிறுத்தியிருக்கும் வண்டியின் பிரேக்கை மிதித்துப் பார்க்கிற ஆள் என்பதால் வந்த பெயர் அது. 1998இல் இரண்டாம் நிலை ஆய்வாளராகச் சேர்ந்து 2024இல் ஓய்வு பெறும்வரை நான் எழுதிய விபத்து ஆய்வு அறிக்கைகளுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் முடிந்தன என்பது நினைவிருக்கிறது: 'இந்த விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறால் நிகழ்ந்ததல்ல.'

அந்த வாக்கியத்தை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. ஓடக்கூடிய நிலையில் இருந்தால் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, கால் பிரேக்கையும் கை பிரேக்கையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும், நசுங்கியது, உடைந்தது, கீறியது என்று சேதங்களை ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும், ஆர்.சி., காப்பீடு, ஓட்டுநர் உரிமம், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று ஆகியவற்றின் தேதிகளைச் சரிபார்க்க வேண்டும். வேப்பமர நிழலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பெட்டியில் சில சமயம் இறந்துபோனவரின் சாப்பாட்டு டப்பா இருக்கும். அதைக் குறிப்பதற்கு அறிக்கையில் இடம் கிடையாது.

அறிக்கையின் கடைசி வாக்கியம் வண்டியை விடுவித்துவிடும். மீதமிருப்பவர் ஓட்டுநர். முதல் தகவல் அறிக்கையில் அதற்கான சொற்றொடர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.' இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்தால் வழக்கு முழுமையாகிவிடும். சாலை எப்படி இருந்தது, அந்த இடத்தில் விளக்கு இருந்ததா, வளைவுக்கு முன் எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்று கேட்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இருக்கவில்லை. ஒரு நான்குவழிச் சாலையில், ஒரு கிராமத்துக்கு எதிரே சாலையின் நடுத்தடுப்பான மீடியனில் இருந்த இடைவெளியருகே நடந்த மூன்று விபத்துகளின் வண்டிகளை ஒரே ஆண்டில் ஆய்வு செய்திருக்கிறேன். மூன்று அறிக்கைகளிலும் அதே வாக்கியத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்றும் உண்மை. மூன்றும் சேர்ந்து எதைச் சொல்கின்றன என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் நாங்கள் பணியாற்றிய காலத்தில் தலைக்கவசம் அணியாததற்கான அபராதம் 100 ரூபாய். சோதனைக்கு நிற்கும்போது, வண்டியை நிறுத்துவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சுங்கச்சாவடிக் கட்டணம் போல ஆகிவிட்டிருந்தது. தமிழ்நாட்டில் தலைக்கவசம் 2007 ஜூன் முதல் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டு, சில மாதங்களில் நீர்த்துப்போய், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் மறுபடியும் கட்டாயமானது. 2015 ஜூன் மாதக் கடைசியில் ஹெல்மெட் கடைகளில் வரிசை நின்றதும், சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து முத்திரை இல்லாத மலிவான கவசங்களை விற்றதும் பலருக்கு நினைவிருக்கும். அடுத்த சில வாரங்களில் ஆய்வுக்கு வந்த இருசக்கர வாகனங்களில் புதிதாக ஒன்றைக் கவனித்தேன். கவசம் வண்டியோடு வந்திருக்கும், கண்ணாடியில் மாட்டியபடியே, ஒரு கீறலும் இல்லாமல்.

2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி பல பிரிவுகளோடு நடைமுறைக்கு வந்தது. 100 ரூபாய் 1,000 ஆனது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. நீதிமன்றத்துக்குப் போகாமலே கட்டி முடிக்கும் சமரசத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநிலங்களிடம் இருந்ததால் குஜராத் முதலிய மாநிலங்கள் உடனே தொகையைக் குறைத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதம் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த அக்டோபர் இறுதியில் எங்கள் அலுவலகத்தில் கூட்டம் அலைமோதியது. பல ஆண்டுகளாக எல்.எல்.ஆர். கூட எடுக்காமல் ஓட்டிக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரர்கள், பேரப்பிள்ளை வயதுடையவர்களோடு வரிசையில் நின்று எட்டு போட்டார்கள். ஒருவர் மூன்று முறை காலை ஊன்றிவிட்டு, முப்பது வருடமாக ஓட்டுகிறேன் ஐயா, இப்போதுதான் பயமாக இருக்கிறது என்றார். அபராதத்தால் பயனில்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு அந்த வரிசை ஒரு காரணம். ஆனால் அதே 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாகவும், அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாதவர்கள் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. தொகை பத்து மடங்கானாலும், பிடிபடும் வாய்ப்பு பத்து மடங்காகவில்லை. சோதனை எங்கே நடக்கிறது என்பது எதிரே வருபவர் விளக்கை அணைத்துப் போடும் சைகையிலேயே தெரிந்துவிடும் ஊரில், தொகையின் அளவு ஓரளவுக்குமேல் வேலை செய்யாது.

பணத்தைவிட உரிமம்தான் ஓட்டுநரை அசைக்கிறது என்பது என் அனுபவம். இதற்கு வழி திறந்தவர் ஒரு தமிழ்நாட்டு மருத்துவர். கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். விபத்தில் சிதைந்து வரும் உடல்களை ஒட்டவைப்பதோடு தன் வேலை முடிந்துவிடவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த வழக்கில் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைக்கப்பட்ட சாலைப் பாதுகாப்புக் குழு, அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல், குடிபோதை, ஓட்டும்போது கைப்பேசி ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தைத் தற்காலிகமாக ரத்து செய்யுமாறு 2015இல் மாநிலங்களைப் பணித்தது. 1,000 ரூபாய் அபராதத்தை முதலாளி கட்டிவிடுவார். உரிமம் மூன்று மாதம் அலுவலக அலமாரியில் கிடந்தால் லாரி ஓட்டுநர் வீட்டில் மூன்று மாதம் உலை எரியாது. விளக்கம் கேட்டு அனுப்பிய நோட்டீஸைக் கையில் பிடித்தபடி வந்து, அபராதத்தை இரண்டு மடங்காகக் கட்டிவிடுகிறேன், உரிமத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியவர்கள் பலர். அவர்களைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. லோடு ஏற்றச் சொன்னவரும் நேரத்துக்குப் போய்ச் சேரச் சொன்னவரும் அந்த அறைக்கு வரவேயில்லை.

திருத்தச் சட்டத்தின் உண்மையான புதுமை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: ஓட்டியவரைத் தாண்டியும் சிலரைப் பொறுப்பாளியாக்க அது முயல்கிறது. 199ஏ பிரிவின்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் குற்றம் இழைத்தால், பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து, அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயதுவரை உரிமம் கிடையாது. காகிதத்தில் இதைப் படித்தபோது சரியாகத்தான் பட்டது. பிறகு ஒரு நாள், லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் தன் வண்டியின் பதிவு ரத்து ஆணையோடு என் மேசைக்கு முன் வந்து நின்றார். மகனுக்குப் பதினேழு வயது; டியூஷன் முடிந்து திரும்பும்போது ஒரு மூதாட்டியின் மீது மோதியிருக்கிறான். மூதாட்டி பிழைத்துக்கொண்டார். "வண்டி கொடுத்தது தப்புதான் சார். ஆறரை மணிக்கு மேல எங்க ஊருக்கு பஸ் இல்ல சார்" என்றார் அவர். சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. இருந்தாலும் அந்தப் பிரிவு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளி வாசலில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை எங்கள் வட்டாரத்தில் குறைந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பேருந்துக்காக யாரும் பொறுப்பாளியாக்கப்படவில்லை என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

இன்னொரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டும் என்ற அச்சம் எங்கள் தலைமுறை முழுவதிலும் இருந்தது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான பாதுகாப்பு நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019 திருத்தம் அதை 134ஏ பிரிவாகச் சட்டத்திலேயே சேர்த்தது. நல்லெண்ணத்தோடு உதவியவரின் விருப்பமில்லாமல் பெயர், முகவரி கேட்கக் கூடாது. இதைப் பற்றி ஓட்டுநர் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் சொல்லும்போது, பாதிப்பேர் நம்பாத முகத்தோடுதான் கேட்டார்கள்.

வண்டிகளும் மாறின. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களுக்கு சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பு கட்டாயமானபின், சம்பவ இடத்தில் சக்கரம் இறுகித் தேய்த்த நீண்ட கறுப்புக் கோடுகள் அரிதாயின. அந்தக் கோடுகளின் நீளத்தை வைத்து வேகத்தை ஊகித்துப் பழகிய எங்களுக்கு அது ஒரு சிறிய தொழில் நஷ்டம். மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்ட நஷ்டம்.

என் பணியின் கடைசி ஆண்டுகளில் வந்த ஒன்றுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி, தேசியத் தகவலியல் மையம் செயல்படுத்திய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், ஐராட் என்று நாங்கள் அழைப்பது, முதலில் சோதிக்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவலர் சம்பவ இடத்தில் கைப்பேசியில் விவரங்களைப் பதிந்ததும், வாகன ஆய்வுக்கான கோரிக்கை எங்களுக்கும், சாலை ஆய்வுக்கான கோரிக்கை நெடுஞ்சாலைத் துறைக்கும் தனித்தனியே போகும். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோருமே அலுத்துக்கொண்டோம். சர்வர் நிற்கும், படம் ஏறாது, நிரப்ப வேண்டிய கட்டங்கள் முடிவதாகவே இல்லை. ஆனால் என் வாக்கியத்துக்குப் பக்கத்தில், சாலையைப் பற்றி இன்னொரு துறைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை முதல்முறையாகத் திரையில் பார்த்தபோது, மீடியன் இடைவெளியருகே நடந்த அந்த மூன்று விபத்துகளும் நினைவுக்கு வந்தன. வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், சாலையை அமைத்த ஒப்பந்ததாரரோ பொறுப்பான அதிகார அமைப்போ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் செலுத்த வேண்டும் என்று திருத்தச் சட்டத்தின் 198ஏ பிரிவு சொல்கிறது. பல கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் ஒரு லட்சம் என்பது பெயருக்குத்தான். 10,000 ரூபாய் மாதச் சம்பளக்காரருக்கு விதிக்கும் 1,000 ரூபாய் அபராதத்தோடு ஒப்பிட்டால் இதைச் சிரிக்காமல் படிப்பது கடினம்.

2023இல் அதே இடைவெளியருகே மறுபடியும் ஒரு விபத்து நடந்தது. இம்முறை வண்டியைக் காவல் நிலையத்தில் பார்த்ததோடு நிற்காமல், நெடுஞ்சாலைத் துறையின் இளம் பொறியாளர் ஒருவர் வந்த அன்று நானும் அங்கே போனேன். அவர் நாடாவால் அளந்தார். சாலையின் ஏற்றம் காரணமாக, எதிரே வரும் வண்டி கடைசி நேரம்வரை தெரியாது என்பதை நடந்தே காட்டினார். இடைவெளியை அடைக்கலாம் என்று எழுதினார். இரண்டு மாதத்துக்குள் சிமெண்ட் கற்களை அடுக்கி அடைத்தும்விட்டார்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் அந்த வழியாகப் போனேன். முறையான திருப்பம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பால் சொசைட்டியும் பள்ளியும் ரேஷன் கடையும் சாலையின் மறுபுறத்தில் இருக்கின்றன. நடுவில் இருந்த ஒரு கல்லை யாரோ கடப்பாரையால் நெம்பி ஓரமாகச் சாய்த்திருந்தார்கள், ஒரு மோட்டார் சைக்கிள் நுழைகிற அகலத்துக்கு.